ஃபியூல் ரெயில் மாற்றுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து முதல் ஓட்டம் வரை

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஃபியூல் ரெயில் பார்ப்பதற்கு எளிய சாமான். ஒரு அலுமினியக் குழாய், அதில் நாலோ ஆறோ துளை, பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று போல்ட். கழற்றி மாட்ட அரை நாள் போதும். ஆனால் நான் பார்த்தவரை, முதல்முறை செய்கிறவர்கள் மாட்டும்போது தவறுவது குறைவு. மாட்டுவதற்கு முன்பே தவறிவிடுகிறார்கள். இன்ஜெக்டர் உயரத்தை அளக்காமல் ரெயில் வாங்குவார்கள். வந்த ரெயிலைக் கழுவாமல் வைப்பார்கள். இறங்க மறுக்கும் ரெயிலை போல்ட் போட்டு முறுக்கி இறக்குவார்கள். பின்னால் வரும் கசிவும் அடைப்பும் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்துதான்.

அதனால் இதில் ஸ்பேனர் பிடிக்கும் பகுதி சிறியது, அதற்கு முந்தைய பகுதி பெரியது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. இது எந்த எஞ்சினுக்கு, எப்போது தேவை

இங்கே சொல்வதெல்லாம் இன்டேக் போர்ட்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில்) பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களுக்கு மட்டும். அவற்றின் ரெயிலில் வழக்கமாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களிலும் ‘ரெயில்’ என்றே சொல்வார்கள். ஆனால் அங்கே 100 பாருக்கு மேல், புதிய எஞ்சின்களில் 350 பார் வரைகூட ஓடும். அந்த அழுத்தத்தில் ஊசிபோல் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது வேறு வேலை. அதில் இந்த முறையைக் கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

ரெயிலை மட்டும் மாற்றினால் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. பெரிய இன்ஜெக்டர் போடுகிறீர்கள், டர்போ ஏற்றுகிறீர்கள், ஈ85 எரிபொருளுக்கு (85 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) மாறுகிறீர்கள் என்றால் அர்த்தம் உண்டு. ஈ85 அதே காற்றுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் கேட்கும். ஒல்லியான பழைய ரெயிலில் கடைசி இன்ஜெக்டருக்கு வரும்போது அழுத்தம் தடுமாறும். பானெட்டைத் திறந்தால் பளபளவென்று தெரியவேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், அதுவும் உங்கள் விருப்பம். ஆனால் வேலையின் கவனம் அதற்காகக் குறைய முடியாது.

2. வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் இன்ஜெக்டர் உயரம். அதன் இரு முனையிலும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்தான் ஓ-ரிங்; மேல் ஓ-ரிங்கிலிருந்து கீழ் ஓ-ரிங் வரை உள்ள தூரம்தான் கணக்கு. மொத்த நீளம் அல்ல. பாஷ் வகை இன்ஜெக்டர்களில் ஏறக்குறைய 60, 48, 34 மிமீ என்று மூன்று உயரங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ரெயில் எந்த உயரத்துக்கு வடிக்கப்பட்டதோ அதே உயரம்தான் சரியாக உட்காரும். மற்றவற்றுக்கு ரெயிலின் காலடியில் ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைத்துண்டு) வேண்டும், அல்லது இன்ஜெக்டர் தலையில் அடாப்டர் தொப்பி வேண்டும்.

அடுத்து ஓ-ரிங் உட்காரும் கிண்ணத்தின் விட்டம். 14 மிமீ பொதுவானது. ஜப்பானிய எஞ்சின்கள் சிலவற்றில் மேல்பக்கம் 11 மிமீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 14 மிமீ கிண்ணத்தில் 11 மிமீ தலை லொடலொடவென்று இறங்கும்போதுதான் பலருக்கு வித்தியாசம் புரிகிறது. வெர்னியர் காலிப்பர் இல்லாமல் ரெயில் வாங்கப் போகாதீர்கள்.

மூன்றாவது, இன்ஜெக்டர் கனெக்டர். பழைய ஈவி1 பிளக்கும் புதிய யூஎஸ்கார் பிளக்கும் ஒன்றில் ஒன்று நுழையாது. அடாப்டர் வயர் போடலாம். ஆனால் அது எடுக்கும் இடம் ரெயிலுக்கும் மேனிஃபோல்டுக்கும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் பாகம்) நடுவில்தான். அங்கே இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

நான்காவது, ரிட்டர்ன் லைன். பல வண்டிகளில் அழுத்த ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும். எஞ்சினுக்கு ஒரே ஒரு குழாய்தான் வரும். புது ரெயிலில் தனி ரெகுலேட்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்று இழுக்க வேண்டும், டேங்குக்குள் இருக்கும் ரெகுலேட்டரையும் நீக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் முன்னால் எவ்வளவு திருகினாலும், பின்னால் இருப்பது அனுமதிக்கும் அளவுக்கு மேல் அழுத்தம் ஏறாது. இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டுப் பம்ப் கெட்டுவிட்டது என்று புதுப் பம்ப் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

3. கையில் இருக்க வேண்டியவை

புது ஓ-ரிங் செட், இன்ஜெக்டருக்கு இரண்டு வீதம், ஒரு ஜோடி உபரியாக. பொருள் வைட்டன் என்ற ரப்பர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எத்தனால் கலந்த எரிபொருளுக்கும் சூட்டுக்கும் அது தாங்கும். சிறிய அளவுகளைச் சரியாகக் காட்டும் டார்க் ரெஞ்ச், ஃபிட்டிங்குக்கான அலுமினிய ஸ்பேனர் இரண்டு, அழுத்த மீட்டர், பஞ்சு உதிராத துணி, எல்இடி விளக்கு, பாதுகாப்புக் கண்ணாடி, பெட்ரோல் தாங்கும் கையுறை.

தீயணைப்பான் பெட்ரோல் தீக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அது அலமாரியில் அல்ல, கை எட்டும் தூரத்தில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் மூலையில் இருக்கும் ஹீட்டரையோ சுவிட்சையோ தேடிக்கொள்ளும். ஆகவே கதவைத் திறந்து வையுங்கள். ஹாலஜன் விளக்கு வேண்டாம்: அதன் சூடான கண்ணாடியில் ஒரு துளி பட்டால் போதும்.

4. புது ரெயிலைக் கழுவி, ஃபிட்டிங்கை மேசையிலேயே முறுக்குங்கள்

புது ரெயில் சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். துளையிட்டு மரை வெட்டிய அலுமினியப் பிசிறு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். முனை அடைப்பின் மரையில்தான் அதிகம். உங்கள் ஃபில்டர் ரெயிலுக்கு முன்னால் இருக்கிறது. ரெயிலுக்குள் கிடக்கும் பிசிறைத் தடுக்க இன்ஜெக்டர் வாயில் உள்ள சிறு சல்லடை ஒன்றுதான் உண்டு. அது அடைத்தால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் குறையும். டர்போ எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும்.

முனை அடைப்புகளைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் நீளமான பிரஷ் விட்டுத் தேயுங்கள். அலசி, காற்றழுத்தத்தால் ஊதி, பிரேக் கிளீனர் அடித்து மறுபடி ஊதுங்கள். கடைசியாக வெள்ளைத் துணியை ஒரு கம்பியில் சுற்றி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுங்கள். துணியில் ஒரு மினுக்குகூட இருக்கக் கூடாது. எனக்கு இரண்டாவது கழுவலிலும் பிசிறு வந்திருக்கிறது.

காய்ந்ததும் ஃபிட்டிங்குகளை மேசையிலேயே போட்டு முறுக்கிவிடுங்கள். எஞ்சின் மேல் ரெயில் உட்கார்ந்த பிறகு முறுக்கினால் அந்த முறுக்கு விசை ரெயில் வழியாக இன்ஜெக்டர்களுக்குப் போகும், ஓ-ரிங் ஒருபக்கமாக நசுங்கும்.

மரை வகைகளில் குழப்பம் அதிகம். ஓஆர்பி ஃபிட்டிங்கில் அடைப்பது அதன் அடியில் இருக்கும் ஓ-ரிங். ஏஎன் ஃபிட்டிங்கில் அடைப்பது 37 டிகிரி கூம்பு. இந்த இரண்டிலும் மரை பிடிமானத்துக்கு மட்டுமே. டெஃப்லான் டேப் சுற்றினால் எந்தப் பயனும் இல்லை, கிழிந்த துணுக்கு இன்ஜெக்டருக்குப் போவதுதான் மிச்சம். கூம்பு மரையான என்பிடி மட்டும் மரையிலேயே அடைக்கும். அதற்கும் டேப்பைவிடப் பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் நல்லது, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள். ஓஆர்பி-6, ஏஎன்-6 இரண்டுக்கும் மரை அளவு ஒன்றே (9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை). அதனால் ஏஎன் ஃபிட்டிங் ஓஆர்பி துளையில் அழகாக ஏறிவிடும். ஆனால் அடைக்காது.

5. அழுத்தத்தை இறக்குதல்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்து உள்ளழுத்தத்தை விடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஃபியூல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். லைனில் இருப்பதைக் குடித்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும். ஒருமுறை இரண்டு மூன்று விநாடி கிராங்க் செய்யுங்கள். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பேட்டரியை முதலில் கழற்றிவிட்டால் இந்த வழி இல்லாமல் போய்விடும். இதில்தான் வரிசை பிசகுகிறது.

இவ்வளவு செய்தும் ரெயிலுக்குள் பெட்ரோல் நிற்கும். அழுத்தம்தான் போயிருக்கிறது. முதல் இணைப்பைக் கழற்றும்போது சுற்றிலும் துணி வைத்து மெல்ல விடுங்கள்.

6. பழைய ரெயிலை எடுத்தல்

கழற்றும் முன் இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதித் தள்ளுங்கள். இன்ஜெக்டர் வெளியே வந்த நொடியில் அந்த மண் நேராக வால்வு மேல் விழும்.

ஒவ்வொரு கனெக்டருக்கும் சிலிண்டர் எண் எழுதி ஒட்டுங்கள். வயர் நீளம் காட்டிக்கொடுக்கும் என்று நினைப்பீர்கள். பக்கத்துப் பக்கத்து வயர்கள் இரண்டும் இரண்டு இடத்துக்கும் எட்டும்.

போல்ட்டுகளை எடுத்ததும் ரெயிலை இரு முனையிலும் பிடித்து, சமமாக ஆட்டி ஆட்டி மேலே தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் என்றால் விரிசல் விடும். ரெயில் வந்த பின் கீழ் ஓ-ரிங்குகளை எண்ணுங்கள். நாலு இன்ஜெக்டருக்கு மூன்றுதான் கையில் இருந்தால் நாலாவது துளைக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. அதன் மேல் புதியதை இறக்கினால் ரெயில் ஒருபக்கம் தூக்கி நிற்கும், உங்களுக்கோ ரெயில்தான் கோணல் என்று தோன்றும். எண்ணி முடித்ததும் துளைகளைச் சுத்தமான துணியாலோ டேப்பாலோ மூடுங்கள்.

7. ஒத்திகைப் பொருத்தம்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். பழைய ஓ-ரிங்குகளையே போட்டு, ஒரு துளி எண்ணெய் தடவி, புது ரெயிலையும் இன்ஜெக்டர்களையும் போல்ட் இல்லாமல் உட்கார வைத்துப் பாருங்கள்.

உள்ளங்கையால் அழுத்தினால் ரெயிலின் கால்கள் மேனிஃபோல்டில் உள்ள மேடைகளில் உட்கார வேண்டும். உட்காராமல் இரண்டு மூன்று மிமீ அந்தரத்தில் நின்றால் இன்ஜெக்டர் உயரம் கூடுதல், அல்லது ஸ்பேசர் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடைவெளியை போல்ட் மூட வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். ரெயிலைக் கீழே இறக்குவது கையின் வேலை. இறங்கியதை அங்கேயே பிடித்து வைப்பது மட்டும்தான் போல்ட்டின் வேலை. போல்ட் இறக்கினால் இன்ஜெக்டர் உடல் நசுங்கும், அல்லது மேனிஃபோல்டின் மரை பிய்ந்துகொண்டு வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அது கண்ணில் படாது. கால்கள் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆனால் இன்ஜெக்டர் குட்டை, ஆகவே மேல் ஓ-ரிங் கிண்ணத்தின் சரிவான வாய்ப்பகுதியிலேயே நின்றுவிடும். நேர்ச்சுவருக்குள் ஓ-ரிங் முழுதாகப் போயிருக்க வேண்டும். சோதிக்க, ரெயிலை மறுபடி எடுத்துக் கிண்ணத்துக்குள் எண்ணெய்த் தடம் எவ்வளவு ஆழத்தில் வட்டமிட்டிருக்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள். விளிம்பிலேயே இருந்தால் ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மாட்டிய ரெயில் அன்று கசியாது. எஞ்சின் சூடேறி, அசைந்து, சில நாள் கழித்துக் கசியும்.

உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருகிப் பாருங்கள். சற்றே இறுக்கமாக, ஆனால் சுழல வேண்டும். மேல்கீழாக மயிரிழை அசைவு இருக்கலாம். ஒன்று மட்டும் சுழலவில்லை என்றால் அது சாய்ந்திருக்கிறது.

பிறகு சுற்றுப்புறம். திராட்டில் முழுதாகத் திறக்கும்போது கேபிள் ரெயிலில் உரசுகிறதா? பானெட் மூடினால் ஃபிட்டிங் இடிக்கிறதா? உயரமான இடத்தில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். நசுங்கிய பின் மிஞ்சும் களிமண்ணின் தடிமனே மீதி இடைவெளி. எஞ்சின் ஓடும்போது மவுன்ட்டில் அசையும் என்பதால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எனக்கு உறக்கம் வராது.

8. ஓ-ரிங் போட்டு ரெயிலை இறக்குதல்

எல்லாம் சரி என்றால் மட்டும் புது ஓ-ரிங்கைப் பிரியுங்கள். சில செட்டுகளில் மேலுக்கும் கீழுக்கும் நிறமோ தடிமனோ வேறாக இருக்கும்; கலக்காதீர்கள். கூரான கருவியால் நெம்பி ஏற்ற வேண்டாம், விரலால் உருட்டி ஏற்றுங்கள். சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு போதும். சிலிக்கான் கிரீஸ் வேண்டாம். எரிந்தால் அது ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

இன்ஜெக்டர்களை முதலில் ரெயிலில் ஏற்றி, கிளிப் இருந்தால் கிளிப் போட்டு, மொத்தமாக மேனிஃபோல்டுக்கு இறக்குங்கள். 3 பார் நிற்கும் இடம் மேல் ஓ-ரிங். அதைக் கண்முன்னால் மேசையில் வைத்து ஏற்றுவதே பாதுகாப்பு. நேராக அழுத்துங்கள், அழுத்தும்போதே லேசாகத் திருகுங்கள். ‘பொத்’தென்று உட்காரும் உணர்வு ஒவ்வொன்றிலும் கிடைக்கும்.

போல்ட்டுகள் எல்லாவற்றையும் விரலால் ஏற்றிய பிறகே டார்க் ரெஞ்ச். எம்6 போல்ட் அலுமினியத்தில் என்றால் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும்; உங்கள் எஞ்சின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி, பிளாஸ்டிக் மேனிஃபோல்டில் இன்னும் குறைவாக இருக்கும். முடித்ததும் இன்ஜெக்டர்களை மறுபடி திருகிப் பாருங்கள்.

9. ஹோஸும் ரெகுலேட்டரும்

பெட்ரோல் வரும் திசை: ஃபில்டர், ரெயில், ரெகுலேட்டர், ரிட்டர்ன். ரெகுலேட்டரை ரெயிலுக்குப் பின்னால் வைத்தால்தான் ரெயில் எப்போதும் நிறைந்து, ஓட்டம் நிற்காமல் இருக்கும். வி வடிவ எஞ்சினில் இரண்டு ரெயிலுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்து, இரண்டையும் ரெகுலேட்டரில் சேர்ப்பது என் பழக்கம்.

ரப்பர் ஹோஸ் என்றால் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கான எஸ்ஏஈ ஜே30 ஆர்9 வகை. கார்புரேட்டர் ஹோஸ் இங்கே ஆகாது. கிளாம்பும் ஹோஸை அறுக்காத இன்ஜெக்‌ஷன் வகையாக இருக்கட்டும். எஃகுப் பின்னல் போட்ட பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) ஹோஸுக்கும் ரப்பர் ஹோஸுக்கும் முனை ஃபிட்டிங் வேறு வேறு. மாற்றிப் போட்டால் அழுத்தத்தில் கழன்று வரும். பிடிஎஃப்ஈ வாங்கினால் மின்கடத்தும் உள்ளுறை கொண்டதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஓடும் பெட்ரோல் உண்டாக்கும் நிலைமின்சாரம் உறையில் ஊசித்துளை போடும். பின்னலை டேப் சுற்றி வெட்டுங்கள். அப்படியும் விரலில் கம்பி குத்தும், அதற்கு மருந்தில்லை. வெட்டிய ஹோஸின் உட்புறத்தை ஊதிவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

ஏஎன் இணைப்பை முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடிக்க, ஒன்று திருக.

10. ஸ்டார்ட் செய்யாமல் கசிவு பார்த்தல்

ஃபியூஸையும் பேட்டரியையும் போடுங்கள். கிராங்க் செய்யாதீர்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் விளக்கோடு ரெயிலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். ஐந்தாறு முறை சாவியைப் போட்டு எடுத்தால்தான் காற்று வெளியேறி முழு அழுத்தம் ஏறும்.

கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் கறையாகும். ஈரம் கண்டால் ‘இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்ப்போம்’ என்று போகாமல் அழுத்தத்தை இறக்கிக் கழற்றிப் பாருங்கள். ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தால் முறுக்குவதால் ஒட்டாது.

பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். சிறிது இறங்கலாம். வெளியே ஈரமே இல்லாமல் மளமளவென்று இறங்கினால் மூன்று இடம்: பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது மூடாமல் சொட்டும் இன்ஜெக்டர். கடைசியானது ஆபத்து. சிலிண்டரில் பெட்ரோல் தேங்கியிருக்கும்போது கிராங்க் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நுனி நனைந்திருக்கிறதா பாருங்கள்.

11. அழுத்தம் அமைத்து முதல் ஸ்டார்ட்

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு அழுத்தத்தை அமைக்க வேண்டும். ஹோஸ் மாட்டிய நிலையில் 3 பார் என்று அமைத்தவர்கள் பலர். உண்மையில் அவர்கள் 3.5 பாருக்கு மேல் வைத்துவிட்டார்கள். மேனிஃபோல்டின் உறிஞ்சல் அளவுக்கு ஐடிலில் அழுத்தம் குறைந்தே காட்டும். ஹோஸை மறுபடி மாட்டும்போது அது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஹோஸ் தவறான இடத்தில் இருக்கிறது.

திரவம் நிரப்பிய மீட்டர் ரெயிலிலேயே இருந்தால் எஞ்சின் சூட்டில் அளவு பிசகும். குளிர்ந்த நிலையில் பார்த்ததையே நம்புங்கள்.

அழுத்தத்தைத் தோன்றியபடி ஏற்றாதீர்கள். இன்ஜெக்டரின் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும்: 3 பாரில் நிமிடத்துக்கு 440 சிசி தருவது 4 பாரில் ஏறக்குறைய 508 சிசி தரும். எஞ்சினின் கணினியான ஈசியுவுக்கு அதைச் சொல்லாவிட்டால் எஞ்சின் பெட்ரோலை வாரிக் குடிக்கும். புது இன்ஜெக்டர் என்றால் பாய்ச்சலோடு அதன் திறப்புத் தாமத நேரத்தையும் கொடுத்த பிறகே சுமை ஏற்றலாம்.

ஐடில் ஏறி இறங்குகிறது, ஃபியூல் டிரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) ஐடிலில் மட்டும் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் கீழ் ஓ-ரிங்கில் காற்று நுழைகிறது. கண்டுபிடிக்கப் புகைச் சோதனை செய்யுங்கள். ஓடும் எஞ்சின்மேல் எரியும் ஸ்பிரே அடித்துப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

12. சூடான பிறகு

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் காகித ஒற்றலை மறுபடி செய்யுங்கள். அணைத்து, முழுதாக ஆறவிட்டு, மூன்றாவது முறை செய்யுங்கள். அலுமினியம் விரிந்து சுருங்கியதும் தான் மோசமான ஓ-ரிங் தன்னைக் காட்டும். முதல் ஓட்டம் பானெட்டுக்கு அடியிலிருந்து வரும் வாசனையை உணரும்படி மெதுவாக, அருகிலேயே, தீயணைப்பானோடு. திரும்பி வந்து நாலாவது ஒற்றல். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை அதே டார்க் அளவில் சரிபாருங்கள்.

பழைய ரெயிலை அதன் ஸ்பேசர், போல்ட், கிளிப்போடு ஒரே பையில் கட்டி, இன்ஜெக்டர் உயரத்தை வெளியே எழுதி வையுங்கள். ஸ்பேசரைத் தனியாகப் போட்டுவிட்டால், திரும்ப மாட்ட நினைக்கும் நாளில் ரெயில் இருக்கும், அது மட்டும் இருக்காது.